சன் அல்ட்ரா 5-இல் நெட்பிஎஸ்டி: ‘பூட் சிடிராம்’ கொடுத்தால் எம்எம்யு மிஸ்

பழுதுபெட்டி:
வணக்கம். சன்னின் பழைய அல்ட்ரா 5 கணினியில் (333 மெகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம்) நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தை நிறுவப் பார்க்கிறேன். பவர் போட்டதும் ஐடிபிராம் (இயந்திரத்தின் அடையாள விவரம்) உள்ளடக்கம் செல்லாது என்று செய்தி வருகிறது. ஈதர்நெட் முகவரி ஆறு பைட்டும் எஃப்எஃப். ‘பூட் சிடிராம்’ கொடுத்தால் வட்டு கொஞ்சம் சுழன்றுவிட்டு ‘ஃபாஸ்ட் டேட்டா ஆக்சஸ் எம்எம்யு மிஸ்’ என்று நிற்கிறது. சிடி டிரைவ், 80 ஜிபி ஐடிஇ டிஸ்க் இரண்டும் பீசியிலிருந்து எடுத்து மாட்டியவை. என்விராம் (அமைப்புகளையும் ஐடிபிராமையும் நினைவில் வைக்கும் சிப்) பேட்டரியை மாற்றினால் சரியாகுமா?

ஓகே_ப்ராம்ப்ட்:
ஆகாது. அவை இரண்டும் வேறு வேறு கோளாறு. பேட்டரி செத்திருந்தாலும் சிடியிலிருந்து பூட் ஆகும்.

எம்எம்யு மிஸ் என்றால், ஓப்பன்பூட் (‘ஓகே’ என்று கேட்டு நிற்கும் சன்னின் பூட் ஃபர்ம்வேர்) மேப் ஆகாத ஒரு முகவரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். ரேம் போய்விட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் முந்தைய பூட் முயற்சியின் மிச்சம் நினைவகத்தில் கிடப்பதால் வருவது. ஸ்டாப்-ஏ அழுத்தி நிறுத்திவிட்டு அப்படியே மறுபடி பூட் கொடுத்தால் இது அடிக்கடி எட்டிப்பார்க்கும். முதலில் ‘செட்என்வ் ஆட்டோ-பூட்? ஃபால்ஸ்’, பிறகு ‘ரீசெட்-ஆல்’. ஓகே திரும்பியதும் வேறு எதையும் தொடாமல் ‘ப்ரோப்-ஐடிஇ’ கொடுங்கள், மாட்டியுள்ள ஐடிஇ டிரைவ்களைப் பட்டியலிடும்.

அந்தப் பட்டியலில் சிடி டிரைவ் இரண்டாவது கேபிளில் மாஸ்டராகத் தெரிய வேண்டும். ‘சிடிராம்’ என்ற பெயர் அந்த இடத்தைத்தான் குறிக்கிறது. பீசியிலிருந்து வந்த டிரைவில் ஜம்பர் ஸ்லேவில் இருந்தால் அந்தப் பெயர் வேலை செய்யாது. ஆனால் உங்களுக்கு வட்டு சுழல்கிறது, அதனால் ஜம்பரைவிட வட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சிடியில் எழுத நீங்கள் இறக்கியது 64 பிட் சன் இயந்திரங்களுக்கான ஸ்பார்க்64 படம்தானா (இமேஜ் கோப்பு)? வெறும் ஸ்பார்க் என்று இருப்பது 32 பிட் இயந்திரங்களுக்கு. சிடி-ஆர்டபிள்யு வேண்டாம், சாதா சிடி-ஆரில் மெதுவான வேகத்தில் எழுதுங்கள்.

ஃபோர்த்_பிரியர்:
என்விராமைப் பற்றி நான் சொல்கிறேன். அதைச் சரிசெய்யாமல் நிறுவலாம், ஆனால் நெட்வொர்க் உருப்படாது. பேட்டரி எம்48டி59ஒய் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிப் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும், நெம்பி எடுக்கலாம். திருப்பி மாட்டும்போது 1-ஆம் காலின் பக்கம் மாறக்கூடாது. பழைய ஸ்பார்க்ஸ்டேஷன் 2-இல் வரும் 24 கால் சிப் இதற்குப் பொருந்தாது.

புது சிப்பும் வெறுமையாகத்தான் வரும், ஐடிபிராமை நாம்தான் எழுத வேண்டும். மொத்தம் 16 பைட், எண்கள் எல்லாம் ஹெக்ஸ் (பதினாறடிமானம்). ‘எம்கேபி’ முதல் எண்ணை இரண்டாம் எண் சொல்லும் இடத்தில் எழுதும். முதலில் ‘செட்-டிஃபால்ட்ஸ்’. அடுத்து ‘1 0 எம்கேபி’, ‘80 1 எம்கேபி’ (80 என்பது அல்ட்ரா வகை). 2 முதல் 7 வரை ஈதர்நெட் முகவரி: ‘8 2 எம்கேபி’, ‘0 3 எம்கேபி’, ‘20 4 எம்கேபி’, மீதி மூன்று பைட்டும் பழைய சிப்பின் மேலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். 8 முதல் பி வரை தயாரிப்புத் தேதி, பூஜ்யம் போட்டாலும் பாதகமில்லை. சி, டி, ஈ மூன்றிலும் ஹோஸ்ட்ஐடியின் (இயந்திரத்தின் அடையாள எண்) கடைசி மூன்று பைட், அதாவது முகவரியின் அதே கடைசி மூன்று.

கடைசி பைட் செக்சம், அதாவது மற்ற பைட்டுகளைச் சரிபார்க்கும் எண். அதைக் கையால் கணக்குப் போடாதீர்கள், ஓப்பன்பூட்டின் மொழியான ஃபோர்த்திடமே விடுங்கள்:
‘0 எஃப் 0 டூ ஐ ஐடிபிராம்@ எக்ஸோர் லூப் எஃப் எம்கேபி’
0 முதல் ஈ வரையிலான பைட்டுகளை எக்ஸோர் செய்து எஃப் இடத்தில் வைக்கும். இடையில் ஒரு பைட் தவறினாலும் கணக்கு அந்தத் தவறோடேயே பொருந்திவிடும் என்பதால் ‘பேனர்’ கொடுத்து முகவரியை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய சிப்பிலேயே எழுதினால் மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும்.

பழுதுபெட்டி:
வெறும் ஸ்பார்க் படத்தைத்தான் எழுதியிருந்தேன்! ஸ்பார்க்64 பூட் ஆகி, நிறுவலும் முடிந்தது. இப்போது ‘பேட் மேஜிக் நம்பர் இன் டிஸ்க் லேபிள்’, அதன் பின் ஏஆர்பி/ஆர்ஏஆர்பி (நெட்வொர்க்கில் முகவரி கேட்கும் முறை) டைம்அவுட் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சிப் இன்னும் மாற்றவில்லை.

ஓகே_ப்ராம்ப்ட்:
டைம்அவுட்டை விட்டுவிடுங்கள். பூட்-டிவைஸின் இயல்பு மதிப்பு ‘டிஸ்க் நெட்’. டிஸ்க் திறக்காததால் நெட்டுக்குப் போகிறது. எஃப்எஃப் முகவரியை வைத்துக் கேட்டால் பதிலும் வராது. கோளாறு முதல் வரியில்தான்: டிஸ்க்கில் பீசியின் எம்பிஆர் (பீசி வகைப் பிரிவு அட்டவணை) இருக்கிறது, ஓப்பன்பூட்டுக்கு சன் வகை அட்டவணையான சன் லேபிள் வேண்டும். சிடியில் பூட் செய்து ஷெல்லுக்குப் போய், டிடி கட்டளை கொண்டு டிஸ்க்கின் முதல் 1 எம்பியைப் பூஜ்யமாக்குங்கள். டிஸ்க் பெயரை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். பிறகு முதலிலிருந்து நிறுவ வேண்டியதுதான், குறுக்குவழி தேடினால் நேரம்தான் போகும்.

பார்ட்டிஷன்கள் சிலிண்டர் எல்லையில் தொடங்கட்டும். 0-ஆம் சிலிண்டரில் ரூட்டை (முதன்மைப் பார்ட்டிஷன்) வையுங்கள், ஸ்வாப்பை (ரேமுக்குத் துணையான இடம்) வைக்காதீர்கள்: லேபிள் 0-ஆம் செக்டரில் இருக்கிறது, அதன் மேல் ஏதாவது எழுதப்பட்டால் இதே செய்தி மறுபடியும் வரும்.