மறு: வாள்-கோள் கதையா, கோள்நிலச் சாகசமா?

'பிளானட்டரி ரொமான்ஸ்' (planetary romance), அதாவது வேற்றுக்கோளில் நடக்கும் சாகசக் கதைவகைக்குத் தமிழ்ப்பெயர் தேடும் பேச்சின் தொடர்ச்சி இது.

> 'கோள் காதற்கதை' என்று வைத்துவிடலாமே? மூலச்சொல்லில் ரொமான்ஸ் இருக்கிறது.

வேண்டாம். அந்த ரொமான்ஸ் காதல் இல்லை. வீரனும் அற்புதங்களும் நெடும்பயணமுமாகப் போகும் பழைய ஐரோப்பியக் கதைமரபின் பெயர். தவிர, 'கோள்' பக்கத்தில் வெறும் 'கதை' வந்து நின்றால் யாரோ யாரையோ போட்டுக்கொடுப்பது போலக் காதில் விழுகிறது.

> சரி, 'வாள்-கோள் கதை'? எதுகையும் இருக்கிறது.

எதுகைக்காகவே எனக்கும் ஆசைதான். ஆங்கிலத்திலும் வாளையும் கோளையும் சேர்த்த பெயர் உண்டு. ஆனால் அது ஒரு கிளைதான். 1933இல் எழுத்தாளர் சி. எல். மூர் அறிமுகப்படுத்திய நாயகன் நார்த்வெஸ்ட் ஸ்மித் வாள்காரன் இல்லை, கதிர்த்துப்பாக்கிக்காரன். அவனை எங்கே வைப்பது?

இந்தக் கதைகளைப் படித்துப் பல வருடம் கழித்து யோசித்தால் யார் யாரைக் குத்தினான் என்பதெல்லாம் மறந்துவிடுகிறது. இடம் மட்டும் நிற்கிறது. எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் தொடராக எழுதிய செவ்வாயில், வற்றிப்போன கடலின் தரை முழுக்கப் பாசி படர்ந்திருக்கும், மேலே இரண்டு நிலாக்கள். கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவரும், செத்துக்கொண்டிருக்கும் செவ்வாய் என்பது வானியலாளர் பெர்சிவல் லோவெல் பரப்பிய கருத்து. 1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் கால்வாயும் இல்லை, நகரமும் இல்லை, பள்ளங்கள்தான். அறிவியல் போனது, நிலம் போகவில்லை. நிலத்தை முதற்பொருள் என்று சொன்ன மொழியில் இதற்குப் பெயர் தேடக் கஷ்டப்படவே கூடாது. ஆகவே 'கோள்நிலம்'. வெள்ளிக்கிரகக் கதைகளில் சதுப்பும் கடலும்தானே என்று கேட்பீர்கள். நெய்தலும் நிலம்தான்.

> பின்னால் 'வீரகதை' சேர்க்கலாமா?

அதில் பாராட்டு ஒட்டிக்கொள்கிறது. பரோஸின் நாயகன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காத்த தரப்பின் படைத்தலைவன். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை என்பதால் தாவித் தாவி அடிக்கிறான். வந்த சூட்டிலேயே உள்ளூர்க்காரர்களுக்குத் தலைவனாகிவிடுகிறான். பூமியில் பிறந்ததே பெரிய தகுதி! அங்குள்ள இனங்களுக்குத் தோல் நிறமே பெயர். இளவரசியின் வேலை பெரும்பாலும் கடத்தப்படுவது. நானும் இதையெல்லாம் விடிய விடியப் படித்தவன்தான், அதனால்தான் சொல்கிறேன்: 'சாகசம்' போதும்.

என் வாக்கு 'கோள்நிலச் சாகசம்'. 'வாள்-கோள்' கிளைக்கு இருக்கட்டும்.

அப்புறம், இந்தக் கதைகள் வந்த மலிவுத்தாள் இதழான 'பல்ப்' இதழுக்கு 'மரக்கூழ்த்தாள் இதழ்' என்று வந்திருந்த பரிந்துரை சரியானதுதான், ஆனால் யார் வாயிலும் வராது. 'சாணித்தாள் இதழ்' என்றால் யாருக்கு ஆட்சேபம்?