600 பேர் வேலை செய்யும் ஆலையில் பால்புதுமையினருக்கான கொள்கை: எங்கிருந்து தொடங்குவது?

ஒசூர் எச்.ஆர்.

வணக்கம். ஒசூர் பக்கம் வாகன உதிரிபாக ஆலை. 600 பேர், மூன்று ஷிப்ட், அதில் 250 பேர் கான்ட்ராக்ட். திருநர், தன்பாலீர்ப்பாளர் எல்லாரையும் சேர்த்து ஒரு கொள்கை எழுதும்படி எம்.டி. சொல்லியிருக்கிறார். விஷயம் கசிந்த அன்றே ஷிப்ட் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "நம்ம ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று ஒரு பக்கம். "இப்படிப் பேசுறவங்களை முதல்ல வேலையை விட்டுத் தூக்குங்க" என்று மறுபக்கம். சட்டப்படி கட்டாயம் எது, நிர்வாகத்தின் விருப்பம் எது? எதில் கை வைத்தால் சண்டை பெரிதாகாது? இன்னொன்று: எங்களிடம் வாங்கும் அமெரிக்கக் கம்பெனி இந்த மாதிரித் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டது. "அவங்களே விட்டுட்டாங்க, நமக்கு எதுக்கு" என்கிறார் ஃபைனான்ஸ் தலைவர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

நிலையாணை

ஃபைனான்ஸ் தலைவருக்கான பதிலை முதலில் முடித்துவிடலாம். 2024இல் ஃபோர்டு, ஹார்லி டேவிட்சன், ஜான் டீர் போன்றவை கைவிட்டதும் சுருக்கியதும் அவர்களே விரும்பி எடுத்துக்கொண்ட திட்டங்களை. அங்கே அரசியல் நெருக்கடி வந்தது, விட்டார்கள். உங்கள் கடமை இந்தியச் சட்டத்தில் இருந்து வருகிறது. வாங்குகிறவர் மனம் மாறினால் அது மாறாது.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019: வேலைக்கு எடுப்பதிலோ பதவி உயர்விலோ பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 9. புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது பிரிவு 11. 2020 விதிகளின்படி சமவாய்ப்புக் கொள்கையை எழுதி இணையதளத்தில் போட வேண்டும், இல்லையென்றால் ஆலைக்குள் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். கழிவறை, போக்குவரத்துப் பாதுகாப்பு, பாலின அடையாளத்தை ரகசியமாக வைத்தல், புகார் அலுவலரின் விவரம் எல்லாம் அதில் வர வேண்டும். புகார் வந்தால் 15 நாளில் விசாரணை முடிய வேண்டும். அறிக்கை கைக்கு வந்த 15 நாளில் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். எச்.ஆர். தலைவரையே புகார் அலுவலராகப் போட்டுவிடாதீர்கள். பாதிப் புகார்கள் எச்.ஆர். செய்த வேலையைப் பற்றித்தான் வரும்.

தன்பாலீர்ப்பாளர்களுக்கு இப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2018 செப்டம்பர் 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு உறவு குற்றமல்ல என்றது, ஆனால் தனியார் ஆலையில் பாகுபாட்டைத் தடுக்க நேரான பிரிவு எதுவும் இல்லை. அதனால் அவர்களுக்கு உங்கள் கொள்கைதான் காப்பு. 'பாலீர்ப்பு' (எந்தப் பாலினத்தவர் மீது ஈர்ப்பு என்பது) என்ற சொல் அதில் அப்படியே இருக்க வேண்டும்.

பெரும்பாலான ஆலைகள் கோட்டைவிடுவது நிலையாணையில், அதாவது அரசு அலுவலரிடம் சான்று பெற்ற ஆலையின் வேலை விதித் தொகுப்பில். கொள்கையை மட்டும் எழுதி, நிலையாணையின் ஒழுங்கீனப் பட்டியலைத் திருத்தாமல் விட்டுவிடுவார்கள். பட்டியலில் இல்லாத செயலுக்காகத் தொழிலாளியைத் தண்டித்தால், வழக்கு என்று வரும்போது அந்தத் தண்டனை நிற்காது. 'பாலினம், பாலின அடையாளம், பாலீர்ப்பு இவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவது, ஒருவரைப் பற்றிய அந்தரங்கத் தகவலை அவர் சம்மதமின்றி வெளியிடுவது' என்று சேர்த்துச் சான்றுக்கு அனுப்புங்கள்.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 'பாதிக்கப்பட்ட பெண்' என்றுதான் பேசுகிறது. ஓர் ஆண் தொழிலாளியோ திருநம்பியோ புகார் கொடுத்தால், உள்ளகக் குழுவுக்கு (பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஆலைக்குள் அமைக்கும் குழு) அந்தச் சட்டம் தரும் அதிகாரத்தைக் கொண்டு விசாரிப்பது சிக்கல். அந்தப் புகார்களுக்கும் வழி வேண்டும் என்பதற்குத்தான் மேலே சொன்ன நிலையாணைத் திருத்தம்.

ஷாப்ஃப்ளோர் சுமதி

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் சார், ஆள் ஓடிப்போவது சட்டத்தால் அல்ல, பெயரால்.

ஒரு திருநங்கை பெயர் மாற்றிக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். அடையாள அட்டையை மாற்றித் தருவார்கள், பெருமையாகப் புகைப்படமும் எடுப்பார்கள். மறுநாள் காலை கேட்டில் விரலை வைத்ததும் பயோமெட்ரிக் திரையில் பழைய பெயர் வரும், பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது. பழைய பெயர் ஒளிந்திருக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள்: பயோமெட்ரிக், பஸ் ஸ்டாப் பட்டியல், கேன்டீன் டோக்கன், லாக்கர் அட்டை, சம்பளச் சீட்டு, திறன் அட்டவணைப் பலகை, மின்னஞ்சல். ஆதார், பான், பி.எஃப். கணக்கு மாறும்வரை சம்பளப் பதிவில் பழைய பெயர் இருந்துதான் தீரும். அந்தத் திரையைப் பார்க்க முடிகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மற்ற எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற வேண்டும்.

கழிவறைக்குப் பெரிய செலவு வேண்டாம். ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தாழிடக்கூடிய அறை ஒன்று, ஷாப்ஃப்ளோரில் இருந்து இரண்டு மூன்று நிமிட நடையில். 'அனைவருக்கும்' என்று எழுதுங்கள். 'திருநர்' என்று போர்டு மாட்டினால் உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நீங்களே ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும். மாற்றுத்திறனாளிகளின் கழிவறையை எடுத்துக் கொடுப்பதும் தப்பு.

வேலை மட்டும் கொடுத்தால் போதாது என்பதற்குக் கொச்சி மெட்ரோ சாட்சி. 2017இல் கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீ மூலம் இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களை எடுத்தார்கள், நாடே பாராட்டியது. வாடகைக்கு வீடு தர ஆளில்லாமல் சில வாரங்களிலேயே பலர் விலகினார்கள். ஒசூரிலும் அதே கதைதான் நடக்கும். வேலைக்கான உத்தரவு கொடுப்பதற்கு முன்பே, கம்பெனி பெயரில் வாடகை ஒப்பந்தம் போட்டு இரண்டு வீடு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 250 கான்ட்ராக்ட் ஆட்களை மறக்காதீர்கள். கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் இதே நடத்தை விதி ஒரு வரியாக ஏறாவிட்டால், பாதி ஷாப்ஃப்ளோருக்குக் கொள்கையே இல்லை.

நாமினி

பலன்கள் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குழு மருத்துவக் காப்பீட்டில் 'மனைவி/கணவர்' என்ற வரையறையை 'எந்தப் பாலினத்தவராக இருந்தாலும் துணைவர்' என்று மாற்றும்படி பாலிசி புதுப்பிப்பதற்கு முன்பே கேளுங்கள். இடையில் சேர்ப்பதைப் பொதுவாகப் புதுமணத் தம்பதிக்கும் பிறந்த குழந்தைக்கும் மட்டும்தான் அனுமதிப்பார்கள். பாலின மாற்றச் சிகிச்சை வழக்கமான விலக்குப் பட்டியலில் இருக்கும், குழு பாலிசியில் பேசி நீக்க முடியும். துணைவர் விவரத்தை எச்.ஆர். அசிஸ்டன்ட் கையில் உள்ள எக்செல் தாளில் வாங்க வேண்டாம், ஊழியரே நேராகக் காப்பீட்டுப் புரோக்கரின் தளத்தில் பதியட்டும்.

பி.எஃப். நாமினேஷனில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. குடும்பம் உள்ள உறுப்பினர் குடும்பத்துக்கு வெளியே யாரையும் நியமிக்க முடியாது, நியமித்தால் செல்லாது. உறுப்பினரை நம்பி வாழும் பெற்றோரும் 'குடும்பம்'தான். கிராஜுவிட்டியிலும் ஏறக்குறைய இதே கட்டு. ஆயுள் காப்பீட்டில் துணைவரை நாமினியாகப் போடலாம், பணமும் அவர் கைக்கு வரும். ஆனால் பெற்றோர், கணவன்/மனைவி, பிள்ளைகளுக்குக் கிடைக்கும் 'பயனாளி நாமினி' என்ற தகுதி அவருக்கு இல்லை, சட்ட வாரிசுகள் பிறகு உரிமை கோரலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் இருந்தால் துணைவரின் பக்கம் வலுவாகும். இதைத் தனியாக யாரையும் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். எல்லா ஊழியர்களுக்கும் 'நாமினேஷனும் உயிலும்' என்று ஒரு மணி நேரக் கூட்டம் போடுங்கள், தேவைப்பட்டவர் காதில் விழும்.

அவசரத் தொடர்பு நபருக்கு 'உறவுமுறை' என்ற இடத்தைக் காலியாக விடுங்கள், அவரே எழுதிக்கொள்வார்.

ஒசூர் எச்.ஆர்.

மிக்க நன்றி. வாட்ஸ்அப் சண்டைக்கு இன்னும் வழி தெரியவில்லை. சூப்பர்வைசர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

திருச்சி தோழர்

நம்பிக்கையை மாற்றச் சொல்லாதீர்கள், நடத்தையை மட்டும் கேளுங்கள். "இது தப்பு என்று என் மதம் சொல்கிறது" என்று ஒருவர் நினைப்பதற்குத் தடை இல்லை. ஷிப்டில் பக்கத்தில் நிற்பவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதற்கும், அவரோடு லைனில் நிற்க மறுப்பதற்கும் தடை உண்டு. "எதிர்ப்பவர்களைத் தூக்கு" என்கிற பக்கத்துக்கும் இதே பதில்தான். சாதியை வைத்துக் கிண்டல் செய்தவரை விட்டுவிட்டு இதற்கு மட்டும் மெமோ கொடுத்தால் கொள்கை அன்றே செத்துவிடும். ஒரே அளவுகோல் எல்லாருக்கும்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாதுகாப்பு கேட்டு வந்த ஒரு பெண் இணையரின் வழக்கில் (சுஷ்மா வழக்கு) தீர்ப்பு எழுதுவதற்கு முன், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் தொடர்ச்சியாக 2022இல் காவலர் நடத்தை விதிகளைத் தமிழக அரசு திருத்தியது. பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று விதியில் எழுதினார்கள். யாருடைய மனதையும் தோண்டவில்லை. உங்கள் எம்.டி.யும் முதல் கூட்டத்தில் "எனக்கும் முழுதாகத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன், ஆனால் விதி இன்றிலிருந்து அமல்" என்று சொன்னால் பாதி இறுக்கம் தளரும்.

பயிற்சியை சூப்பர்வைசர்களில் தொடங்குங்கள். பதினைந்து பேர் கொண்ட குழு, 40 நிமிடம், ஆலையில் நடக்கக்கூடிய நான்கு சம்பவங்கள், "இப்போ நீங்க என்ன சொல்வீங்க?" என்ற ஒரே கேள்வி. 600 பேரை ஹாலில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினால் எரிச்சல்தான் மிஞ்சும். ஷிப்ட் குழுவை அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றுங்கள், ஷிப்ட் செய்தி தவிர வேறெதுவும் அதில் வேண்டாம். "எத்தனை பேர் இருக்கீங்க" என்று சர்வே எடுக்கவே கூடாது. எட்டுப் பேர் உள்ள பிரிவில் பெயரில்லாத சர்வே என்று எதுவும் இல்லை.

ஒசூர் எச்.ஆர்.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் தயாராகும் முன்பே யாராவது வந்து சொன்னால்?

ஷாப்ஃப்ளோர் சுமதி

கதவைச் சாத்திவிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தப் பெயரில் கூப்பிடட்டும்? எந்தத் தேதியில் இருந்து? யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது? பதிலை அவர் கண்முன்னே எழுதி, அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எம்.டி. கேட்டாலும் அந்தப் பட்டியலில் எம்.டி. பெயர் இல்லையென்றால் வாய் திறக்காதீர்கள்.