எஸ்2000: ரீடெய்னர் டைட்டானியமா, எஃகா?

தடம்பித்தன்:
என்னுடையது 2001 ஹோண்டா எஸ்2000, இரண்டு லிட்டர் எஃப்20சி எஞ்சின். போன மாதம் பந்தயத் தடத்தில், ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்கு இறக்குவதாக நினைத்து இரண்டில் தள்ளிவிட்டேன். உடனே கிளட்சை மிதித்தும் டாக்கோமீட்டர் பட்டை கடைசிவரை எரிந்து அடங்கியது. இப்போதும் வண்டி நன்றாகவே ஓடுகிறது. இந்தச் சாக்கில் டைட்டானியம் ரீடெய்னர் (வால்வு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து அதைப் பிடித்திருக்கும் சிறு தொப்பி) மாட்டலாம் என்று ஆசை. வால்வைத் தள்ளித் திறக்கும் கேமும் அதை மூடும் ஸ்பிரிங்கும் பழையவைதான். எடை குறைந்தால் நல்லதுதானே?

பழைய ஸ்பானர்:
நன்றாக ஓடுகிறது என்று நானும் மூன்று வாரம் ஓட்டினேன். நான்காவது வாரம் ஒரு வால்வு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனைத் துளைத்தது.

நிமிடத்துக்கு 9000 சுற்றில் எரிபொருளை நிறுத்தும் கட்டுப்பாடு, தவறான கியரில் உதவாது. அப்போது எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள். வேகம் 9000இலிருந்து 10500க்குப் போனால் வால்வின் மீதான நிலைமவிசை ஏறக்குறைய 36 சதவீதம் கூடும், வேகத்தின் வர்க்கமல்லவா! ஸ்பிரிங்கால் பிடிக்க முடியாமல் வால்வு மிதந்து, திரும்பி வந்து அறைகிறது. அப்படி அறைவதால் 2004க்கு முந்தைய ரீடெய்னர்கள் விரிசல் விடுவது இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

கடைக்குப் போகும் முன் எஞ்சினின் மேல் மூடியைத் திறந்து டார்ச்சை எடுங்கள். பதினாறு ரீடெய்னர்களையும் பக்கத்துப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் வால்வுத் தண்டை ரீடெய்னரோடு பிணைக்கும் இரண்டு அரைவட்ட லாக்குகளும் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் உள்ளே அமிழ்ந்திருந்தால் அந்த ரீடெய்னர் பிளந்துவிட்டது. எஞ்சினை ஒரு சுற்றுகூட ஓட்டாதீர்கள்.

உங்களுக்கு என் தேர்வு, 2004க்குப் பிந்தைய மாடலில் ஹோண்டாவே போட்ட எஃகு ரீடெய்னர். சற்றுக் கனம், ஆனால் உறுதி. அதற்குரிய லாக்கையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய லாக்கைப் புதிய ரீடெய்னரில் போடுவது அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு மலையேறுவது போல.

வளைகாம்பு:
டைட்டானியத்தை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள் அண்ணா. ஒரே அளவில் செய்தால் எஃகைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் எடை குறைவு. கூரான கேமும் கடினமான ஸ்பிரிங்கும் போட்டிருப்பதால் என் வண்டியில் அதுதான் இருக்கிறது.

பழைய ஸ்பானர்:
உங்கள் வண்டிக்குச் சரி தம்பி. நீங்கள் ஆண்டுதோறும் மூடியைத் திறந்து, ஸ்பிரிங் உராயும் முகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பவர். தேய்ந்து உதிரும் டைட்டானியத் தூள் எண்ணெய்த் தொட்டிக் காந்தத்திலும் ஒட்டாது. பழைய கேமோடு தடத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒரே காரில் போகிறவருக்கு அந்த வேலை எதற்கு?

இன்னொன்று: ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) கழற்றாமலே ரீடெய்னரை மாற்றலாம். ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றை ஏற்றினால் வால்வு கீழே விழாது. சங்கிலிப் பள்ளத்தையும் எண்ணெய் வடிதுளைகளையும் துணியால் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு லாக் தெறித்து உள்ளே போய், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காந்தக் குச்சியோடு குனிந்து கிடந்திருக்கிறேன்.

தடம்பித்தன்:
திறந்துவிட்டேன். பதினைந்து ஒரே மட்டம். மூன்றாம் சிலிண்டரின் உள்ளிழுக்கும் வால்வு ஒன்றில் லாக் நன்றாக அமிழ்ந்திருக்கிறது. நேற்றும் இதே வண்டியில்தான் குழந்தையைப் பள்ளியில் விட்டு வந்தேன். எஃகு ரீடெய்னரும் லாக்கும் பதினாறு ஜோடி கேட்டிருக்கிறேன். மாற்றியதும் வால்வு வளைந்திருக்கிறதா என்று கசிவுச் சோதனை செய்துவிட்டு எழுதுகிறேன்.