மரத்தில் சேமிக்காத மாற்றம் இருப்பதை லிசனர்களுக்கு எப்போது சொல்வது?

மரங்கொத்தி:
ஜாவா சுவிங்கில் (ஜன்னல், பட்டன் எல்லாம் தரும் ஜாவா நூலகம்) ஒரு எடிட்டர் எழுதுகிறேன். ஆவணம் முழுக்க ஒரே மரம், அதன் ஒவ்வொரு நோடிலும் (கணுவிலும்) "மாறியிருக்கிறது" என்று ஒரு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் ஏற்கும் ஃப்ளாக்). ஒரு நோடை மாற்றினால் பேரன்ட் (அதற்கு மேலுள்ள நோட்), அதன் பேரன்ட் என்று ரூட் (உச்சி நோட்) வரை ஏறிப்போய் எல்லாவற்றையும் ட்ரூ ஆக்குகிறேன், போகிற வழியில் ஒவ்வொன்றும் தன் லிசனரை (மாற்றத்தைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கும் கோடை) கூப்பிடுகிறது. ஏறுவது சுலபம், இறங்குவதில்தான் தகராறு: பயனர் ஒரு கிளையை மட்டும் சேமித்தால், பேரன்டை ஃபால்ஸ் ஆக்கலாமா என்று தெரிய அதன் கீழுள்ள மற்ற சைல்ட் நோட் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு ஒரு எழுத்து தட்டினாலே ஈவன்ட் (லிசனருக்குப் போகும் அறிவிப்பு) மழை. வேறு வழி உண்டா?

நிழல்:
பேரன்டில் பூலியன் மட்டும் போதாது, மாறிய சைல்ட் எத்தனை என்று ஒரு எண்ணும் வை. தன் சொந்த ஃப்ளாக் ட்ரூ, அல்லது எண் பூஜ்யத்துக்கு மேல் என்றால் அந்த நோட் மாறியது. இந்த விடை மாறும்போது மட்டும் மேலே சொல்லு. எண் 3 என்பது 4 ஆனால் அங்கேயே நின்றுவிடலாம். சேமிக்கும்போது குறைப்பதும் இதே வழிதான்.

ஒரு இடத்தில் கவனம்: மாறிய சைல்டை நீக்கும்போது முதலில் பேரன்டின் சொந்த ஃப்ளாகை ட்ரூ ஆக்கிவிட்டு அப்புறம் எண்ணைக் குறை. தலைகீழாகச் செய்தால் ஒரு கணம் "சுத்தம்" என்று ஈவன்ட் போய், உடனே "மாறியது" என்று இன்னொன்று போகும், சேவ் பட்டன் மினுக்கும்.

பழையகோடு:
எண்ணிக்கை சரி, ஆனால் அன்டூ? மாற்றத்தை அன்டூ செய்து சேமித்த நிலைக்கே வந்தாலும் உன் ஃப்ளாக் ட்ரூவாகவே நிற்கும். கிளை வாரியாகச் சேமிக்கும் தேவை இல்லாவிட்டால் மரத்தில் ஃப்ளாகே வேண்டாம் என்பேன். க்யூட்டியில் (சுவிங் மாதிரி சி++ நூலகம்) அன்டூ ஸ்டாக்கே (செய்த மாற்றங்களின் அடுக்கு) இதைப் பார்த்துக்கொள்கிறது, சேமித்த இடத்தைக் குறித்துவைத்தால் அதைத் தாண்டும்போதும் திரும்பி வரும்போதும் சிக்னல் வரும். சுவிங்கின் அன்டூ மேனேஜரில் அது கிடையாது. அடுத்து அன்டூ ஆகவேண்டிய எடிட்டைத் தரும் மெத்தட் ப்ரொடெக்டட் (வெளியிலிருந்து நேரே கூப்பிட முடியாது), அதனால் சப்கிளாஸ் எழுதி, சேமிக்கும்போது இருந்த எடிட்டை நினைவில் வைத்து ஒப்பிட வேண்டும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அன்டூ மேனேஜர் வைத்திருக்கும் எடிட்களின் லிமிட் இயல்பாக 100. கோப்பைத் திறந்தவுடன் நினைவில் வைப்பது நல் (எடிட் எதுவும் இல்லை), நூறுக்கு மேல் எடிட் ஆனதும் பழையவை உதிரும், மிச்சம் எல்லாவற்றையும் அன்டூ செய்தால் மறுபடி நல் வரும். மாறாத கோப்பு என்று நம்பி, கேட்காமலே மூடிவிடுவாய்.

மரங்கொத்தி:
கிளை வாரியாகச் சேமிப்பது கட்டாயம் வேண்டும், அதனால் எண்ணிக்கைதான். அன்டூவுக்கு, ஒவ்வொரு எடிட்டும் தான் தொட்ட நோடின் பழைய ஃப்ளாகையும் சேர்த்து வைத்துக்கொண்டால்?

பழையகோடு:
இடையில் சேமித்திருந்தால் அந்தப் பழைய ஃப்ளாக் பொய். நோடுக்கு ஒரு பதிப்பு எண் கொடு, சேமித்த பதிப்பை அதிலேயே குறி, அன்டூ பழைய பதிப்பு எண்ணைத் திருப்பி வைக்கட்டும். புது மாற்றத்துக்கு எப்போதும் புது எண், ஒருமுறை கொடுத்ததை மறுபடி கொடுக்காதே. இப்போதைய பதிப்பும் சேமித்த பதிப்பும் ஒன்றாக இல்லாவிட்டால் அதுதான் ஃப்ளாக்.

நிழல்:
லிசனரை ரூட்டில் மட்டும் வை. ப்ராப்பர்ட்டி சேஞ்ச் சப்போர்ட் (மதிப்பு மாறியதை லிசனர்களுக்குச் சொல்லும் ஜாவா கிளாஸ்) வழியாக அனுப்பினால் பழைய மதிப்பும் புதியதும் ஒன்றாக இருக்கும்போது அதுவே ஈவன்டை விழுங்கிவிடும்.