ரோதான் மியூசியம்: இரண்டும் வலக்கை

பாரிஸில் முதல் நாளே சிற்பி ரோதானின் மியூசியத்துக்குக் கிளம்பிவிட்டோம். கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறையாம். முன்பே பார்க்காதது என் தப்புதான். வாரென் மெட்ரோ பிளாட்பாரத்தில் அவருடைய ‘சிந்தனையாளன்’ சிலையின் நகல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் போனால், தோட்டத்துச் சிந்தனையாளனைச் சுற்றி ஒரே கூட்டம். அதே தோட்டத்தில் ‘நரக வாசல்’ என்ற, சிற்பங்கள் நிறைந்த பெரிய கதவு நிற்கிறது. அதன் உச்சியில் சின்னதாக அதே ஆள். அந்த வாசலுக்காகத்தான் ரோதான் அவனை முதலில் செய்தார். 1880-இல் வந்த வேலை அது. எந்த மியூசியத்துக்காகக் கேட்டார்களோ அதைக் கட்டவே இல்லை. மனுஷர் விடவில்லை, வருஷக்கணக்காகச் சேர்ப்பதும் எடுப்பதுமாக இருந்தார். 1917-இல் இறக்கும்வரை அதை வெண்கலத்தில் வார்க்கவில்லை.

ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது உள்ளே, ‘கதீட்ரல்’ முன்னால். 1908-இல் செய்தது. கல்லில் இரண்டு கைகள், தொடுகிற மாதிரி வந்து தொடாமல் நிற்கின்றன. யாரோ கும்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் நகர்ந்துவிட்டேன். என் மனைவி அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு, “ஏங்க, ஏதோ இடிக்குதே” என்றாள். தன் கைகளை அப்படி வைத்துப் பார்த்தாள், வரவில்லை. “உங்க கையைக் கொஞ்சம் குடுங்க” என்று என் வலக்கையைப் பிடித்துத் தன் வலக்கைக்கு எதிரே நிறுத்தினாள். வந்துவிட்டது! இரண்டுமே வலக்கை, அதாவது இரண்டு பேருடைய கை. மூலையில் இருந்த காவலாளி சிரித்தார். தினமும் பார்க்கிற கூத்தாக இருக்கும்.

ரோதானின் மாணவியும் காதலியுமான கமீய் க்ளோதெலின் சிற்பங்களும் அங்கே உண்டு. அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சென்னை அருங்காட்சியகத்து நடராஜர் பற்றி ரோதான் எழுதியிருக்கிறார். அவர் இறந்தபின் 1921-இல் அது அச்சானது. சிலையை நேரில் பார்த்ததில்லை, போட்டோக்களை வைத்துக்கொண்டே உடம்பின் ஒவ்வொரு வளைவையும் எழுதினார். நானோ ஸ்கூல் டூரில் டீச்சர் விரட்ட விரட்ட அதைத் தாண்டி ஓடியவன்.

ஊர் திரும்பியதும் எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குப் போனோம். இந்தத் தடவை வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பார்த்துவிட்டுத்தான். ரோதான் எழுதிய அந்தத் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றதும் என் மனைவி முதலில் கட்டைவிரல்களைத்தான் சரிபார்த்தாள்.