பழைய ஆப்டிபிளெக்ஸுக்கு 8000 ரூபாய்க்குள் என்ன கிராபிக்ஸ் கார்டு போடலாம்? அவசரம்

வைகைக்கரை · வெள்ளி, இரவு 11:48

வணக்கம். என்னிடம் ஐ5 ப்ராசஸர் உள்ள டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஜிடிஏ 5 கேம் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது. ஒரு கடையில் கேட்டதற்கு ஜிடி 730, 4ஜிபி கார்டு போடச் சொன்னார்கள். 4ஜிபி இருப்பதால் எல்லா கேமும் ஓடுமாம். பட்ஜெட் 8000, அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட முடியாது. நாளைக்கு அண்ணன் சென்னை போகிறான், அவன் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். எது வாங்கலாம்?

ஈச்சமரம் · 11:56

ஐ5 என்றால் எந்த ஐ5? 2009-இலிருந்து ஐ5 வந்துகொண்டே இருக்கிறது. ப்ராசஸர் எண், ஆப்டிபிளெக்ஸ் மாடல் எண், ரேம் எவ்வளவு, மூன்றையும் போடுங்கள். ஜிடி 730 மட்டும் வேண்டாம். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

டர்போபட்டன் · சனி, 12:04

ஆர்எக்ஸ் 580, 8ஜிபி. யோசிக்கவே வேண்டாம் ப்ரோ. செகண்ட் ஹேண்டில் இந்த விலைக்கு 8ஜிபி வேறு எதிலும் கிடைக்காது. நான் மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒரு நாள் கூடத் தகராறு செய்ததில்லை.

கடைசி_லெவல் · 12:11

முதலில் ரேமைப் பாருங்கள் நண்பா. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்டிக்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில்தான் பங்கு கேட்கும். இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் டூயல் சேனல் ஆகிவிடும், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் டேட்டா போகும், அதிலேயே வித்தியாசம் தெரியும். 8000 செலவே தேவைப்படாமல் போகலாம்.

சிலிக்கான்_சித்தர் · 12:30

இந்தக் கேள்வி மாதம் பத்து தடவை வருகிறது. ஒருவர் கூட எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை, எத்தனை வாட் என்று எழுதுவதில்லை. கேபினெட் டவரா, எஸ்எஃப்எஃப் எனும் குட்டைப் பெட்டியா என்றும் எழுதுவதில்லை. அது தெரியாமல் 580 வாங்கச் சொல்கிறவர் அதைவிட மோசம். 580-க்கு 185 வாட், தனியாக 8 பின் வயர் வேண்டும். ஆப்டிபிளெக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் பார்ப்போம். கேட்பவரும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கப் பழக வேண்டும்.

ஈச்சமரம் · 12:37

சித்தரே, விஷயம் சரி, சொல்லும் விதம் சரியில்லை. எல்லோரும் ஒரு நாள் ஒன்றும் தெரியாமல்தானே ஆரம்பித்தோம்?

ஜிடி 730 ஏன் வேண்டாம் என்றால்: கடைகளில் அதிகம் கிடைக்கும் 4ஜிபி மாடலில் இருப்பது டிடிஆர்3 மெமரி, பாதை 64 பிட். நொடிக்கு 14.4 ஜிபிதான் நகரும். உங்கள் மதர்போர்டில் 1600 வேகத்தில் இரண்டு டிடிஆர்3 ஸ்டிக் போட்டாலே 25.6 வந்துவிடும். கார்டின் மெமரி கம்ப்யூட்டரின் ரேமைவிட மெதுவாக இருந்தால் 4ஜிபி எதற்கு? ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யிலும் 4ஜிபிதான், ஆனால் 112 ஜிபி நகரும்.

கோவை_பெஞ்ச் · 12:52

தம்பி, சர்வீஸ் பெஞ்சில் இந்த மாதிரிப் பெட்டிகளை வாரம் ஒன்றாவது பிரிக்கிறேன். காலையில் எழுந்ததும் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முன்பக்கம் ஒட்டியிருக்கும் எண் என்ன. பக்கத் தகட்டைக் கழற்றினால் தெரியும் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் எத்தனை வாட் போட்டிருக்கிறது. பெட்டி எவ்வளவு உயரம். மானிட்டரிலிருந்து வரும் வயரின் முனை என்ன நிறம். கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும், ஆனால் கார்டு வாங்கி வந்த பிறகு பாதிப் பேர் மாட்டிக்கொள்வது அதில்தான்.

வைகைக்கரை · காலை 6:41

மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். ஆப்டிபிளெக்ஸ் 9020. ஐ5-4570. ரேம் 8ஜிபி, இரண்டு ஸ்டிக். ஸ்டிக்கரில் 255 வாட் என்று இருக்கிறது. பெட்டி குட்டை, படுக்க வைத்து அதன் மேல்தான் மானிட்டரை வைத்திருக்கிறேன். வயர் முனை நீலம். அண்ணன் பஸ் ஏறிவிட்டான், மதியம் கடைக்குப் போய்விடுவான்.

கோவை_பெஞ்ச் · 7:15

நல்லது, இப்போது படம் தெளிவாகிவிட்டது. உங்களுடையது எஸ்எஃப்எஃப், அதாவது குட்டைப் பெட்டி. அதில் சாதாரண கார்டு உயரத்திலேயே இடிக்கும். லோ புரொஃபைல் எனும் உயரம் குறைந்த கார்டுதான் உட்காரும். பக்கத்தில் எத்தனை ஸ்லாட் இடம் காலியாக இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து அண்ணனுக்கு அனுப்புங்கள். சில லோ புரொஃபைல் கார்டுகள் இரண்டு ஸ்லாட் தடிமன்.

கரண்டு விஷயம்: கார்டைச் சொருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் பங்குக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் கேட்காத கார்டுகளுக்கு அதுவே எல்லை. அதனால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6400, இந்த மூன்றின் லோ புரொஃபைல் மாடல்கள்தான் உங்களுக்குக் கணக்கு. 1650-இல் சில கம்பெனிகள் 6 பின் வைத்தும் செய்திருக்கின்றன, அது வேண்டாம். 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி நல்ல கார்டு, ஆனால் பட்ஜெட்டுக்குள் வராது.

நீல வயர் என்றால் விஜிஏ, பழைய வகை மானிட்டர் இணைப்பு. இந்த மூன்று கார்டிலும் விஜிஏ சிக்னல் வெளியே வராது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று தனியாக வாங்கச் சொல்லுங்கள். உள்ளே சிப் இருக்கும் கன்வெர்ட்டராக இருக்க வேண்டும். வெறும் வயர் வேலை செய்யாது.

டர்போபட்டன் · 8:02

ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்டு கொடுக்கும் சாட்டா பவர் வயரிலிருந்து 6 பின், 8 பின் எடுக்கும் கன்வெர்ட்டர் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டவராக இருந்திருந்தால் அப்படி 580 போட்டிருக்கலாம். எல்லாரும் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

சிலிக்கான்_சித்தர் · 8:20

சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். ஒரு பின்னுக்கு 1.5 ஆம்பியர். பெருக்கினால் 54 வாட். 8 பின்னில் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். 54 தாங்கும் பிளக்கில் 150 இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். இது பள்ளிக்கூடக் கணக்கு. இதற்குமேல் விளக்க எனக்கு நேரமில்லை.

கடைசி_லெவல் · 8:34

580 என்றாலே எனக்கு மைனிங் ஞாபகம்தான் வருகிறது. செகண்ட் ஹேண்டில் வருவதில் பாதி இரவு பகலாக எத்தீரியம் எனும் கிரிப்டோ நாணயத்தைத் தோண்டியவை. என் சித்தப்பா மகன் ஒன்று வாங்கினான். இரண்டாவது வாரம் திரை முழுக்கப் பச்சைக் கட்டம் கட்டமாக வர ஆரம்பித்தது.

டர்போபட்டன் · 8:41

மைனிங் கார்டு என்றால் கெட்ட கார்டா? மைனிங் செய்தவர்கள் மின்சாரம் மிச்சம் பிடிக்க வோல்டேஜைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். ஒரே சூட்டில் நிலையாக ஓடியது. கேம் ஆடுபவன் கார்டு தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதுதான் சால்டரை அதிகம் பாதிக்கும். எத்தீரியத்தில் கார்டு வைத்துத் தோண்டுவது 2022 செப்டம்பரோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருக்கும் கார்டு நல்ல கார்டுதான்.

கடைசி_லெவல் · 8:49

சிப் நன்றாக இருக்கலாம். மெமரி? மைனிங்கில் மெமரியைத்தான் ஓவர்கிளாக் செய்து, அதாவது வேகத்தை வரம்புக்கு மேல் ஏற்றி, கசக்கிப் பிழிந்தார்கள். ஃபேன் பேரிங் என்ன ஆகும்? கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் புரோகிராமை மாற்றி எழுதிவிட்டு அப்படியே விற்றவர்களும் உண்டு.

டர்போபட்டன் · 8:55

பயாஸைத் திரும்ப எழுதலாம், ஃபேனை மாற்றலாம், பேஸ்ட் புதிதாகத் தடவலாம். பத்தாயிரம் சம்பளத்தில் இருப்பவனுக்குப் புதுக் கார்டு யார் வாங்கித் தருவார்கள்? பழைய கார்டே வேண்டாம் என்று சொல்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

ஈச்சமரம் · 9:10

இரண்டு பேரும் தனி இழை போட்டுச் சண்டை போடுங்கள். இவர் அண்ணன் பஸ்ஸில் இருக்கிறார்.

வைகைக்கரை, 1050 டிஐ-யும் 1650-உம் ஒரே விலைக்குக் கிடைத்தால் 1650 எடுங்கள். 1050 டிஐ என்விடியாவின் பாஸ்கல் தலைமுறைக் கார்டு. அதற்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 வரை வரும். 1650 அதற்கு அடுத்து வந்த டூரிங், இன்னும் டிரைவர் வருகிறது.

வைகைக்கரை · மதியம் 1:22

அண்ணன் கடையில் நிற்கிறான். ஆர்எக்ஸ் 6400 ஒன்று, 1650 ஒன்று. இரண்டும் பழசு, இரண்டும் லோ புரொஃபைல், இரண்டும் கன்வெர்ட்டரோடு சேர்த்து 8000-க்குள் வருகிறது. எது? சீக்கிரம் சொல்லுங்கள். இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு, கேம் ரெக்கார்டு செய்து யூடியூபில் போட வேண்டும்.

கோவை_பெஞ்ச் · 1:27

1650.

6400-க்கு மதர்போர்டோடு நான்கு லேன், அதாவது டேட்டா போகும் நான்கு பாதைதான் இணைப்பு. அது பிசிஐ 4.0-க்காகச் செய்தது. உங்கள் 9020-இல் இருப்பது 3.0, அதனால் அந்தப் பாதையும் பாதியாகிவிடும். 4ஜிபி மெமரி நிரம்பி ரேமுக்குக் கை நீட்டும்போதெல்லாம் திக்கும். ரெக்கார்டிங்கின்போது வீடியோவைச் சுருக்கும் என்கோடரும் 6400-இல் கிடையாது. 1650-இல் இருக்கிறது.

அண்ணனைக் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லச் சொல்லுங்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் ஷேடர் (சிப்பின் கணக்குப் போடும் அலகுகள்) 896 என்று வர வேண்டும். பெயருக்கு முன்னால் ஃபேக் என்று வந்தால் பழைய சிப்பில் பயாஸ் மாற்றி எழுதிய கார்டு, அங்கேயே வைத்துவிட்டு வரட்டும். பிறகு கார்டை முழு வேகத்தில் சோதிக்கும் ஃபர்மார்க் பத்து நிமிடம் ஓடட்டும், திரையில் புள்ளியோ கோடோ வரக் கூடாது. கார்டைப் பெட்டியோடு பிடித்து வைக்கும், குட்டைப் பெட்டிக்கான சின்ன பிராக்கெட்டையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஈச்சமரம் · 1:31

நானும் 1650-க்கே. வேறு வழியில்லாமல் 6400 எடுக்க நேர்ந்தாலும் 4570-இன் உள்கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற என்கோடர் இருக்கிறது. மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கில் அந்த உள்கிராபிக்ஸையும் அணைக்காமல் வைத்தால் ரெக்கார்டிங்கை அதன் தலையில் போடலாம்.

ஃப்ரேம்வேட்டை · 3:05

4570-இல் நான்கு கோர், நான்கு திரெட்தான். எந்தக் கார்டு போட்டாலும் ப்ராசஸர் இழுத்துப் பிடிக்கும். காசு சேர்த்துப் புது கம்ப்யூட்டரே வாங்கலாமே?

ஈச்சமரம் · 3:18

ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது 2015 ஏப்ரலில். அப்போது பரிந்துரைத்த ப்ராசஸர் ஐ5-3470. இவரிடம் இருப்பது அதற்கு அடுத்த தலைமுறை. 2025 மார்ச்சில் வந்த மேம்பட்ட பதிப்பைத் தொடாமல் பழைய பதிப்பை ஆடினால் இந்தப் பெட்டி நன்றாகவே தாங்கும். இருப்பதை வைத்து ஆட நினைப்பவரைப் புதுசு வாங்கு என்று அனுப்புவது உதவி ஆகாது.

வைகைக்கரை · ஞாயிறு, இரவு 9:50

1650 வந்துவிட்டது. ஷேடர் 896 காட்டியதாக அண்ணன் போட்டோ அனுப்பினான். மாட்டியதும் டிஸ்ப்ளே வரவில்லை, பயந்தே போனேன். பழக்க தோஷத்தில் நீல வயரை மதர்போர்டிலேயே குத்தியிருக்கிறேன். கன்வெர்ட்டர் வழியாகக் கார்டில் குத்தியதும் வந்துவிட்டது. ஜிடிஏ திக்கவே இல்லை. மழை பெய்யும் இடத்தில் கூட.

சின்ன பிராக்கெட் கடையில் இல்லையாம். பெரியதைக் கழற்றிவிட்டுச் சும்மா சொருகி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

கோவை_பெஞ்ச் · 10:12

சந்தோஷம் தம்பி. ஆனால் அப்படியே விடாதீர்கள். எச்டிஎம்ஐ வயரும் கன்வெர்ட்டரும் பின்னால் தொங்குகின்றன, அந்த எடை கார்டை ஸ்லாட்டிலிருந்து மெல்ல மெல்ல நெம்பும். கார்டின் கம்பெனி, மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் சின்ன பிராக்கெட் தனியாகவே கிடைக்கும். அது வரும் வரை வயரை ஒரு டேக் போட்டுக் கேபினெட்டோடு கட்டிவிடுங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது பெட்டியை நகர்த்த வேண்டாம்.

டர்போபட்டன் · 10:20

நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (எஃப்பிஎஸ்) வருகிறது ப்ரோ? 900 ரெசல்யூஷனிலா, 1080-இலா?

வைகைக்கரை · 10:21

கட்டிவிட்டேன் அண்ணா. நன்றி.

கடைசி_லெவல் · திங்கள், காலை 7:30

டர்போ, சனிக்கிழமை மைனிங் கார்டு பேச்சை விட்ட இடத்திலிருந்து வருகிறேன். ஃபேனை மாற்றலாம் சரி. மெமரி சிப்பை யார் மாற்றித் தருவார்கள்?