மூடுல் வினாடி வினா: காரணிப்படுத்தல் விடை சரியாக இருந்தும் தவறு என்று வருகிறது

கேள்வி:
9ஆம் வகுப்புக்கு இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்தும் பயிற்சியை மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில், விடையைத் தட்டச்சு செய்யும் ஷார்ட் ஆன்சர் வகையில் போட்டிருக்கிறேன். (எக்ஸ்−2)(எக்ஸ்−3) என்பது விடை. (எக்ஸ்−3)(எக்ஸ்−2) என்று எழுதினால் பூஜ்யம் விழுகிறது. எல்லா வடிவங்களையும் எவ்வளவுதான் சேர்ப்பது? ஆளுக்கு ஆள் எண்கள் மாறி வந்தால் இன்னும் நல்லது.

பதில் 1:
ஷார்ட் ஆன்சர் எழுத்துகளை மட்டும்தான் ஒப்பிடும். ஸ்டாக் ப்ளக்இன் (மூடுலில் கணிதக் கேள்விகளுக்கான கூடுதல் நிரல்) போடுங்கள். அது விடையை மாக்சிமா என்ற இயற்கணித மென்பொருளிடம் கொடுத்து இயற்கணித முறையில் சரிபார்க்கும்.

விடையைப் படிப்படியாகச் சோதிக்கும் மதிப்பீட்டு மரத்தில் 2 கணுக்கள் (சோதனைப் படிகள்) வேண்டும். முதலாவதில் ஆல்ஜ்ஈக்விவ் சோதனை, அதாவது விடை இயற்கணிதப்படி சமமா என்று பார்ப்பது. இதோடு நிறுத்தினால், கேள்வியில் உள்ள கோவையை அப்படியே திருப்பி எழுதியவருக்கும் முழு மதிப்பெண் போய்விடும், இரண்டும் சமம்தானே! அதனால் இரண்டாவது கணுவில், காரணிப்படுத்திய வடிவமா என்று பார்க்கும் ஃபேக்ஃபார்ம் சோதனை, அதன் ஆப்ஷனில் எக்ஸ். அங்கே தேறினால் 1, இல்லாவிட்டால் 0. (பாதி மதிப்பெண் தருகிறவர்களும் உண்டு. காரணிப்படுத்தாதவருக்கு எதற்கு என்பது என் கட்சி.) ஃபேக்ஃபார்ம் தானாகவே ஒரு குறிப்பைக் காட்டும். அதை மறைக்க 'கொயட்' என்பதை யெஸ் ஆக்கிவிட்டு, உங்கள் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள்.

பதில் 2:
எண்கள் மாற: கோவையைக் கையால் எழுதாதீர்கள். இரண்டு மூலங்களை −6 முதல் 6 வரை ரேண்டமாக எடுத்து, காரணிகளைப் பெருக்கி விரித்துக் காட்டச் சொல்லுங்கள். 0ஐ விலக்குங்கள். இரண்டாவது மூலத்துக்கு, முதல் மூலத்தையும் அதன் எதிர்க்குறி எண்ணையும் சேர்த்து விலக்குங்கள். இல்லையென்றால் சிலருக்கு முழு வர்க்கமோ வர்க்கங்களின் வித்தியாசமோ வந்து, கேள்வியின் கடினம் ஆளுக்கு ஆள் மாறும்.

ரேண்டம் இருந்தால் 'கொஸ்டின் நோட்' (கேள்விக்கான குறிப்புப் பெட்டி) காலியாக இருக்கக்கூடாது. அதில் இரண்டு மூலங்களையும் போடுங்கள். எண்கள் மாறிய இரண்டு கேள்வி வடிவங்கள் ஒன்றா வேறா என்பதை ஸ்டாக் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. பிறகு 20 வடிவங்களை டெப்ளாய் செய்து (மாணவர்களுக்குக் கொடுக்கத் தயாராக்கி), நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதில் 3:
முதல் நாளே வரப்போகும் புகார் பெருக்கல் குறி. இரண்டு அடைப்புகளுக்கு நடுவில் நட்சத்திரம் போடாவிட்டால் 'செல்லாத விடை' என்று வரும். மதிப்பெண் குறையாது, ஆனால் பிள்ளைகள் தவறு என்றே நினைப்பார்கள். இன்புட் அமைப்பில் 'இன்செர்ட் ஸ்டார்ஸ்' விருப்பத்தை மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எங்களுடையது ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிரும் சர்வர்). ஸ்டாக் அதில் ஓடுமா?

பதில் 1:
பெரும்பாலும் ஓடாது. மாக்சிமாவை சர்வரிலேயே நிறுவ வேண்டும். ஷேர்டில் அதற்கு அனுமதி கிடைப்பது அரிது. விபிஎஸ் (உங்களுக்கென்றே தனியான மெய்நிகர் சர்வர்) எடுங்கள், அல்லது மாக்சிமாவைத் தொலைவிலிருந்து இயக்கித் தரும் மாக்சிமாபூலை வேறொரு சர்வரில் வைத்து இணையுங்கள். ஸ்டாக்குக்கு முன்பே அதற்குத் தேவையான பிஹேவியர் ப்ளக்இன்களை (கேள்வி நடந்துகொள்ளும் விதத்தைத் தீர்மானிப்பவை) போட்டுவிடுங்கள். கடைசியில், மாக்சிமா இணைப்பைச் சோதிக்கும் 'ஹெல்த் செக்' பக்கம் சரியாக வந்த பிறகே கேள்வி எழுத உட்காருங்கள்.